முதலில் சுற்று, அப்புறம் திருப்பு: ஒரு ஃபெட் கேமராவோடு இருபது வருஷத்துக்கு மேல்

2000-ஆம் ஆண்டு அக்டோபர். உக்ரைனின் கார்கிவுக்கு மருத்துவம் படிக்கப் போய் மூன்றாவது வருஷம். ஹாஸ்டலிலிருந்து மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தை கூடும். ஓய்வூதியம் போதாத பெரியவர்கள் தரையில் போர்வையை விரித்து, வீட்டில் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். போர்ப் பதக்கங்கள், இசைத்தட்டுகள், கதவுக் கைப்பிடிகள், ஒரு கை உடைந்த பீங்கான் பொம்மை. அவற்றுக்கு நடுவே பழுப்புத் தோல் உறைக்குள் கேமராக்கள். ஒவ்வொரு விரிப்பிலும் இரண்டு மூன்றாவது இருக்கும்.

அங்கேதான் என் முதல் சோவியத் கேமராவான ஃபெட்-3ஐ வாங்கினேன். நாற்பது ஹிரிவ்னா. அன்றைக்கு எட்டு டாலருக்கும் குறைவு. உறையைத் திறந்ததும் வந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது: பழைய தோல், மெஷின் எண்ணெய், கொஞ்சம் பூஞ்சை. கையில் எடுத்தால் நல்ல கனம். பிளாஸ்டிக் என்று சொல்ல எதுவுமே கண்ணில் படவில்லை. ஊரில் அப்பா வைத்திருந்த சின்ன பிளாஸ்டிக் கேமராவைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத எனக்கு அது பெரிய சொத்தாகத் தெரிந்தது.

மூன்றே நாளில் அதைக் கெடுத்துவிட்டேன். அறையில் உட்கார்ந்து, பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் லீவரைச் சுற்றாமலேயே, ஷட்டர் வேகம் மாற்றும் குமிழைத் தூக்கி ஒரு நொடி இருக்கும் பக்கம் திருப்பினேன். உள்ளே எதுவோ ‘டிக்’ என்றது. அதற்கப்புறம் லீவர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பக்கத்து அறை அண்ணன், மதுரைக்காரர், வந்து பார்த்துவிட்டு, “ரஷ்யன் கேமரான்னா இப்படித்தான் தம்பி. டிராக்டர் செய்யற ஆளுங்க கேமராவும் செஞ்சா வேற எப்படி இருக்கும்?” என்றார்.

அந்த ஒரு வரியை அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம், எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். “ஆணி அடிக்கலாம், படம் எடுக்க முடியாது” என்பார்கள். இன்னொரு பக்கம் நேர் எதிரான கூட்டம் ஒன்று இருக்கிறது. “ஜெர்மன் லைக்காவும் இதுவும் ஒன்றுதான், விலைதான் வேறு” என்று சத்தியம் செய்பவர்கள். இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கேமராக்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு தரப்பும் தாங்கள் கையில் பிடித்த ஒரே ஒரு கேமராவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது ஏன் என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு பெரியவர்.

மெட்ரோ வாசல் பக்கத்தில் சாவி, கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் சின்னப் பெட்டிக்கடை. அதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் ‘தேதுஷ்கா’ என்றுதான் கூப்பிடுவோம், தாத்தா என்று அர்த்தம். அவர் எல்லாப் பையன்களையும் ‘சினோக்’ என்பார், மகனே என்பதுபோல. என் கேமராவை வாங்கி லீவரை லேசாக ஒரு முறை அசைத்துப் பார்த்தார். திறக்கவேயில்லை. “சுற்றுவதற்கு முன்னாடி திருப்பினாய், இல்லையா?” என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்துச் சரிசெய்து கொடுத்தபோது, மேல்மூடியைக் கழற்றி, அந்தக் குமிழ் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். ஷட்டர் ஓடும்போது வேகக் குமிழும் கூடவே சுழலும். பிலிமைச் சுற்றி முடித்த பிறகுதான் அது தன் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். சுற்றாத நிலையில் அதன் மேலுள்ள குறி காட்டும் எண்ணே தப்பு. அந்த நேரத்தில் தூக்கித் திருப்பினால் உள்ளே இருக்கும் ஊசி போகக்கூடாத இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். மெதுவான வேகங்களும் உள்ள ஃபெட்-3, ஜோர்கி-4 மாதிரி கேமராக்களில் இது கேமராவையே முடக்கிவிடும். “முதலில் சுற்று, அப்புறம் திருப்பு” என்று மூன்று முறை சொல்லவைத்துத்தான் கையில் கொடுத்தார். இன்று வரை அந்தப் பழக்கம் விரல்களில் இருக்கிறது. பழைய சோவியத் கேமரா வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயமும் இதுதான். அவர்களில் பலர் ‘ஓடவில்லை’ என்று தூக்கிப் போடுவது யாரோ ஒருவர் சுற்றாமல் திருப்பிய கேமராவைத்தான்.

அவரிடம் போகப்போகத்தான் இன்னொன்றும் தெரிந்தது. நாம் பொத்தாம்பொதுவாக ‘ரஷ்யன் கேமரா’ என்கிறோமே, அதில் பாதி ரஷ்யாவில் செய்ததே இல்லை. என் ஃபெட் பிறந்தது நான் படித்த அதே கார்கிவில், உக்ரைனில். 1927-இல் அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு கம்யூன் தொடங்கினார்கள். கல்வியாளர் மகரென்கோ நடத்தியது. சோவியத் ரகசியப் போலீஸைத் தொடங்கி, முந்தின வருஷம் இறந்துபோன பெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த மூன்று முதலெழுத்துகள்தான் ஃபெட். பிள்ளைகள் முதலில் மின்சார டிரில் மெஷின்கள் செய்தார்கள். அப்புறம் 1932-இல் வந்த ஜெர்மனியின் லைக்கா 2-ஐப் பிரித்துப் பார்த்து, அதைப்போலவே ஒன்றைச் செய்ய ஆரம்பித்து, 1934-இல் தொடர்ச்சியான உற்பத்திக்கே வந்துவிட்டார்கள். தெருவில் கிடந்த பிள்ளைகள் உலகத்திலேயே மிக நுணுக்கமான கேமரா ஒன்றைப் பார்த்துச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நெகிழ்ந்துவிடும். ‘காப்பி’ என்று ஒரே வார்த்தையில் அதை ஒதுக்கிவிட என்னால் முடியாது.

போர் வந்து 1941-இல் தொழிற்சாலையைச் சைபீரியாவின் பெர்ட்ஸ்குக்கு மாற்றினார்கள். போருக்குப் பிறகு, மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையிலும் அதே கேமராவைச் செய்யத் தொடங்கி, 1948 முதல் ஜோர்கி என்ற பெயர் வந்தது. ஜோர்கி என்றால் கூரிய பார்வை உள்ளவன். அதே ஜோர்கி உடலுக்குள், லென்ஸ் வழியாகவே பார்ப்பதற்குக் கண்ணாடியும் பென்டாபிரிசமும் வைத்து 1950-களின் தொடக்கத்தில் வந்ததுதான் ஜெனித். கீவ் நகரின் அர்செனால் தொழிற்சாலைக்கோ வேறு கதை. போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து காண்டாக்ஸ் கேமரா செய்யும் கருவிகளும் பாகங்களும் போய்ச் சேர்ந்து, 1947-லிருந்து அது ‘கீவ்’ ஆனது. லெனின்கிராடின் லோமோ தொழிற்சாலைதான் ஸ்மேனா, லூபித்தெல் கேமராக்களைச் செய்தது. ஸ்மேனா-8எம் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

ஆக, ஒரே பெயருக்குள் நாலைந்து ஊர், நாலைந்து வம்சம். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லவே முடியாது.

அதிலும் ஒரே மாடலின் இரண்டு கேமராக்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. தேதுஷ்கா இதற்கு ஒரு காரணம் சொல்வார். எந்தத் தொழிற்சாலை என்றில்லை, சோவியத் முழுக்கவே மாதக் கடைசியில், வருஷக் கடைசியில் திட்டக் கணக்கை எட்டிவிட ராப்பகலாக வேலை நடக்கும். அதற்கு ‘ஸ்துர்மோவ்ஷினா’ என்று பெயர். புயல்வேக வேலை. முதல் வாரத்தில் செய்ததும் கடைசி வாரத்தில் செய்ததும் எப்படி ஒன்றாகும் என்பார். இன்னொரு காரணம் அதற்கும் பழையது. போருக்கு முந்தைய ஃபெட்டில் லென்ஸையும் கேமராவையும் ஜோடி ஜோடியாகச் சரிபார்த்துப் பொருத்தினார்கள். லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருக்காது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு வியாபாரி இந்தக் கேமராவில் அந்த லென்ஸை மாட்டி விற்றால், படம் மங்கலாகத்தான் வரும். வாங்கியவர் என்ன சொல்வார்? ‘ரஷ்யன் லென்ஸ் ஷார்ப் இல்லை.’ உண்மையில் பாவம், அந்த லென்ஸ் தன் ஜோடியைப் பிரிந்து வந்தது.

மூன்றாவது காரணம்தான் இன்று மிகப் பெரியது: வயசு. ஐம்பது, அறுபது வருஷமாக யாரும் சர்வீஸ் செய்யாமல் அலமாரியில் கிடந்த கேமரா அது. கிரீஸ் காய்ந்து பிசின் ஆகியிருக்கும். அதே வயசுள்ள ஜப்பான் கேமராவை வாங்கினால் முதலில் சர்வீஸுக்குக் கொடுக்கிறோம். இதை மட்டும் எட்டு டாலருக்கு வாங்கி நேராக பிலிம் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

அதனால் பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது, கையில் இருக்கும் அந்த ஒரு கேமராவைப் பார்த்து வாங்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று அந்தக் கடையில் நின்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஃபெட்-2, ஃபெட்-3, ஜோர்கி-4 எதுவானாலும் முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். பிலிமை இழுத்துச் சுற்றிக்கொள்ளும் உருளை தனியாகக் கழன்று வரும் வகை என்றால், அது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாமான்களில் முதலில் தொலைவது இந்தச் சின்ன உருளைதான். அது இல்லாமல் பிலிம் போடவே முடியாது. அடுத்து லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் முன்பக்கமிருந்து டார்ச் அடித்து, பின்பக்கமிருந்து ஷட்டர் துணியை, அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையைப் பாருங்கள். வானத்து நட்சத்திரம் மாதிரி புள்ளிகள் தெரிந்தால் துணியில் ஓட்டை. இந்த வகைக் கேமராக்களில் லென்ஸுக்கும் துணிக்கும் நடுவே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் முகம்பார்க்கும் கண்ணாடி மாதிரி எதுவும் கிடையாது. லென்ஸைத் திறந்தபடி வெயிலைப் பார்த்து வைத்துவிட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோல் துணி பொசுங்கிவிடும். நானே ஒரு கோடைக்காலத்தில் பூங்கா பெஞ்சில் மல்லாக்க வைத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய், அந்த ரோல் முழுக்க வெள்ளைப் புள்ளியோடு வந்தது. அன்றிலிருந்து படம் எடுக்காத நேரமெல்லாம் லென்ஸ் மூடி மேலேதான் இருக்கும்.

அடுத்து ஷட்டர். பின்மூடி திறந்தபடி, வெளிச்சமான ஜன்னலைப் பார்த்து 1/500 நொடி வேகத்தில் அழுத்துங்கள். பிலிம் இருக்கும் சட்டம் முழுக்க ஒரே சீராக மின்னி மறைய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டாகவே இருந்தால், இரண்டாவது திரை முதல் திரையைத் துரத்திப் பிடித்துவிடுகிறது என்று அர்த்தம். படத்தில் அந்த ஓரம் கறுப்பாக வரும். காய்ந்த எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். நல்ல கைகள் கிடைத்தால் இதைச் சரிசெய்துவிடலாம்.

ஃபோகஸ் செய்வதற்குத் தூரத்தைக் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரைச் சோதிக்க நிலாவைவிட நல்லது கிடையாது. லென்ஸை முடிவிலியில் வைத்து நிலாவைப் பாருங்கள். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் இரண்டு நிலா தெரியும். இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸ் தப்பு. மேலும் கீழுமாக விலகினால் ஃபோகஸ் கெடாது, கண்ணுக்குத்தான் தொந்தரவு. அப்புறம் ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்கேல் வைத்து அதையும் பார்த்துவிடுங்கள். தூரத்தில் சரியாகவும் கிட்டத்தில் தப்பாகவும் காட்டும் கேமராக்கள் உண்டு.

இந்தச் சோதனைகளெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, அதே சந்தையில் ஐந்து கேமராக்களைப் பார்த்து ஒதுக்கிவிட்டு ஆறாவதாக ஒரு ஃபெட்-2 வாங்கினேன். தேதுஷ்கா சொல்லித்தான் அந்த மாடல். மெதுவான வேகங்கள் கிடையாது, 1/25-லிருந்து 1/500 வரைதான். கெட்டுப்போக உள்ளே அவ்வளவு விஷயம் இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு கண்களுக்கும் நடுவே 67 மி.மீ. இடைவெளி. பின்னால் வந்த ஃபெட்-3இல் இதைக் குறைத்துவிட்டார்கள். இடைவெளி கூடக்கூட ஃபோகஸ் துல்லியமாகும். கூடவே இண்டஸ்டார்-26எம் லென்ஸ், 52 மி.மீ., எஃப்/2.8. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு கூடுதல் சௌகரியம்: ரோலைத் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் ஒரு சின்னப் பிடி இருக்கிறது, அதை நகர்த்தினால் நம் பார்வைக்கு ஏற்றபடி வியூஃபைண்டர் தெளிவாகும்.

இந்த இடத்தில் ஒரு மோசடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதே சந்தையில் ஒருநாள் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோட்டுக்குள்ளிருந்து தங்கமுலாம் பூசிய ஒரு ‘லைக்கா’வைக் காட்டினார். மேலே கழுகுச் சின்னம், ‘பெர்லின் 1936’ என்ற பொறிப்பு. நூறு டாலர் என்றார். என் இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசு அது. மனசு அலைபாய்ந்தது. ‘பெரியவரிடம் காட்டிவிட்டு வாங்குகிறேன்’ என்றதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் கூடவே வந்தார்.

தேதுஷ்கா பொறிப்பையோ தங்கத்தையோ பார்க்கவில்லை. லென்ஸைத் திருகிக் கழற்றினார். லென்ஸ் மாட்டும் வாய்க்குள் மேற்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் தெரியும், லென்ஸின் அசைவை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்வது அதுதான். உண்மையான லைக்காவில் அதன் நுனியில் உருளும் குட்டிச் சக்கரம் இருக்கும். இதிலோ வேப்பங்கொட்டை மாதிரி ஒருபக்கம் கூரான திடமான உலோகத் துண்டு. “ஃபெட்” என்றார், என்னிடம் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். இப்படி ஃபெட்டையும் ஜோர்கியையும் சுரண்டி, முலாம் பூசி, லைக்கா என்று பெயர் பொறித்து விற்கும் வியாபாரம் சோவியத் உடைந்த பிறகு பெரிதாக நடந்தது. இன்றும் இணையத்தில் அவை சுற்றிவருகின்றன. அலங்காரப் பொருளாகத் தெரிந்தே வாங்குகிறீர்களா, சரி. லைக்கா என்று நினைத்து ஏமாறாதீர்கள். லென்ஸைக் கழற்றிய ஒரு படம் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஃபெட்-2இல் எடுத்த முதல் குளிர்காலம் எனக்கு நிறையக் கற்றுத்தந்தது. கார்கிவில் ஜனவரி என்றால் மைனஸ் இருபது வரைக்கும் போகும். அந்தக் குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஷட்டர் தயங்கும். கேமராவைக் கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, படமெடுக்கும்போது மட்டும் வெளியே எடுப்பேன். பிலிமை வேகமாகச் சுற்றினால் வறண்ட காற்றில் மின்னூட்டம் ஏற்பட்டு, நெகட்டிவில் மரக்கிளை மாதிரி மின்னல் கோடு விழும். மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். திரும்ப வீட்டுக்குள் நுழையும்முன் கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடணும், இல்லையென்றால் வெதுவெதுப்பான காற்று பட்டதும் லென்ஸுக்குள்ளேயே நீர் கோர்க்கும். நம் ஊரில் ஏசி அறையிலிருந்து மழைக்கால வெளிக்காற்றுக்கு வரும்போதும் இதேதான் நடக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் சுதந்திரச் சதுக்கத்தில் எடுத்த ஒரு படம். பனி மூடிய சதுக்கம், பின்னால் தெர்ஷ்ப்ரோம் கட்டடத்தின் கான்கிரீட் அடுக்குகள், முன்னால் ஸ்லெட்ஜில் பேத்தியை இழுத்துப்போகும் ஒரு பாட்டி. பாட்டியின் தலைமுக்காட்டில் பின்னல் நூல் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆனால் ஓரங்களுக்குப் போகப்போக மென்மை. வானம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, பழைய லென்ஸ்களில் உள்ள பூச்சு இப்போது உள்ளதுபோல் அல்ல. எதிர்வெயில் பட்டால் கான்ட்ராஸ்ட் இறங்கிவிடும். இதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். எனக்கு அந்த வெளிறல்தான் அன்றைய குளிரை அப்படியே காட்டுகிறது. அந்த வெளிறல் வேண்டாமென்றால் லென்ஸ் முன்னால் வெயிலை மறைக்கும் ஒரு ஹூட் மாட்டிக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கீவ்-4 ஒன்றையும் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். அதன் ஷட்டர் துணி கிடையாது, மெல்லிய உலோகப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும். அவற்றைப் பிடித்திருப்பது இரண்டு பட்டு நாடாக்கள். அந்த நாடா இற்றுப்போனால் ஷட்டர் கிடையாது, மாற்றத் தெரிந்தவர்களும் இப்போது குறைவு. பிடிக்கும் விதமும் வேறு. வலது கையின் நடுவிரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்தில்தான் ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னல் இருக்கிறது. விரலை மடக்கிப் பிடிக்கப் பழகணும். ஆனால் அதில் வரும் ஜூபிடர்-8எம் லென்ஸ், 50 மி.மீ., எஃப்/2, ஜெர்மன் ஜெய்ஸ் கம்பெனியின் சோனார் லென்ஸ் வழிவந்தது. மனித முகத்தை அது காட்டும் அழகுக்காகவே எத்தனை தொந்தரவையும் பொறுத்துக்கொள்ளலாம். அகலமான பிலிம் போடும் நடுத்தர ஃபார்மட் கீவ்-60, கீவ்-88 பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். நண்பர்கள் வைத்திருந்தார்கள். ஃபிரேம்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத கேமரா அவர்களில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

இன்றைக்கு நம் பிள்ளைகள் அதிகமாக வாங்குவது ஜெனித்-இ. 1965-இல் வந்தது, முப்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எளிய கேமரா: 1/30 முதல் 1/500 வரை ஐந்து வேகங்களும், அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பி-யும். முகப்பில் தேன்கூடு மாதிரி இருப்பது செலினியம் லைட் மீட்டர். பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டாலே ஊசி நகரும். ஆனால் செலினியம் வருஷக்கணக்கில் வலுவிழக்கும். ஊசி நகர்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள், போனில் உள்ள மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உள்ள 65, 130, 250 என்ற எண்கள் பிலிமின் வேகத்துக்கான பழைய சோவியத் கோஸ்ட் கணக்கு. 130 என்பதை நம் 100 பிலிமுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொண்டால் போதும். வியூஃபைண்டரில் தெரிவதைவிடப் படத்தில் நிறையவே கூடுதலாக விழும், அதனால் கொஞ்சம் நெருங்கியே எடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 400 பிலிம் போடாதீர்கள். உச்சிவெயிலில் 1/500-இல் எஃப்/16-க்குப் போய்விடுவீர்கள், அதற்குமேல் இடம் கிடையாது. 100 அல்லது 200 போதும்.

ஜெனித்தோடு வரும் ஹேலியோஸ்-44-2 லென்ஸுக்காகவே பலர் கேமராவை வாங்கி, உடலைத் தூக்கிப் போட்டுவிட்டு லென்ஸை மட்டும் மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் வைத்து மாட்டுகிறார்கள். 58 மி.மீ., எஃப்/2, எம்42 திருகு. ஜெய்ஸின் பையோட்டார் வழிவந்த லென்ஸ். இதில் எடுத்த படங்களில் பின்னணி சுழல்வதுபோல் தெரிகிறதே, அது தானாக வராது. லென்ஸை எஃப்/2-இல் முழுக்கத் திறந்து, ஆளை ஒன்றரை இரண்டு மீட்டரில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகளும் இலைகளுக்கு நடுவே வெளிச்சப் பொட்டுகளும் இருக்க வேண்டும். ஓரங்களில் லென்ஸின் குழாயே வெளிச்சத்தை வெட்டுவதால் வட்டப் பொட்டுகள் பூனைக்கண்ணாக நசுங்கும். அவை நடுவைச் சுற்றி வளையமாக அமையும்போதுதான் சுழல் தெரியும். வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டு ‘சுழலவில்லையே’ என்று கேட்பவர்கள் அதிகம். புளியமரத்தடியில் நிறுத்துங்கள். வாங்கும்போது வரிசை எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டு.

2004-இல் நாகர்கோவிலுக்குத் திரும்பினேன். ஃபெட்-2ஐ அதன் தோல் உறையிலேயே அலமாரியில் வைத்துவிட்டு, வேலையில் மூழ்கிப் போனேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால், இண்டஸ்டார் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. உறைபனியில் தாங்கிய கேமரா நம் கடலோர ஈரப்பதத்தில் தோற்றுப்போனது, என் கவனக்குறைவால். லென்ஸைத் திறந்து சுத்தம் செய்தும், ஒரு கண்ணாடியின் பூச்சைப் பூஞ்சை அரித்த தடம் போகவே இல்லை. இப்போது தோல் உறைகளைத் தனியாக வைத்திருக்கிறேன். தோல்தான் பூஞ்சைக்கு வீடு. கேமராக்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் பத்து முறை ஷட்டரை ஓட்டிவிட்டு, ஷட்டரைச் சுற்றாத நிலையிலேயே திரும்ப வைப்பேன்.

2022 மார்ச் முதல் தேதி, கார்கிவின் அதே சுதந்திரச் சதுக்கத்தில் ஏவுகணை விழுவதை டிவியில் பார்த்தேன். சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த நிர்வாகக் கட்டடம் கண்முன்னே நொறுங்கியது. அங்கே படித்துக்கொண்டிருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் மெட்ரோ சுரங்கத்தில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எத்தனையோ முறை ரோலை மடிக்குள் வைத்து மாற்றிய படிக்கட்டுகள் அவை. அன்று இரவு பழைய நெகட்டிவ்களை எடுத்து ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தேன். தேதுஷ்கா கடையைப் படமெடுத்த நெகட்டிவ் ஒன்று இருக்கிறது. அவர் ஒரு கண்ணில் கடிகாரக்காரர் லென்ஸ் வைத்துக் குனிந்திருக்கிறார், மேசையில் மூடி கழற்றிய ஒரு ஃபெட். அதற்குப் பிறகு யாராவது என் கேமராவைப் பார்த்து ‘ரஷ்யன் கேமராவா சார்?’ என்று கேட்டால், “இல்லைங்க, இது கார்கிவில் செய்தது, உக்ரைன்” என்று சொல்கிறேன். ஜோர்கியைப் பார்த்துக் கேட்டால் ஆமாம், ரஷ்யன்தான் என்கிறேன்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தம்பியின் மகன் ஆன்லைனில் வாங்கிய ஜோர்கி-4ஐக் கொண்டுவந்தான். “மாமா, இது ஓடமாட்டேங்குது. ரஷ்யன் கேமரான்னா இப்படித்தானாமே?” என்றான். லீவரோ குமிழோ பாதியில் நிற்கும் அந்த உணர்வு என் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

“சுத்தறதுக்கு முன்னாடி திருப்பினியா?” என்று கேட்டேன்.

மேல்மூடியைக் கழற்றுவதற்குச் சின்ன ஸ்குரூடிரைவர்களை எடுத்து மேசையில் பழைய வெள்ளைத் துணி விரித்தேன். கழன்று வரும் ஒவ்வொரு திருகையும் வரிசையாக வைக்கச் சொல்லி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.